தழும்ப மறைச்சு பைலட் ஆவ முடியுமா?

கேள்வி: அண்ணாச்சி, எம்மவன் ப்ளஸ் டூ முடிச்சிட்டு பைலட்தான் ஆவேன்னு ஒத்தக் கால்ல நிக்கான். நாலு வயசுல இருதயத்துல ஓட்டைன்னு நெஞ்சத் தொறந்து ஆபரேஷன் பண்ணி அடைச்சாக, இப்ப நல்லா ஓடியாடுதான். மெடிக்கல்ல அதச் சொன்னா தள்ளிருவாக, வாயத் தொறக்காதீகன்னு சொந்தக்காரங்க சொல்லுதாக. வயல வித்து ஃபீஸ் கட்டலாம்னு இருக்கோம், என்ன செய்ய?
– ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: தங்கச்சி, மொதல்ல வயல விக்காதீக. மெடிக்கல் முடிச்சிட்டுத்தான் ஃபீஸு. மறைக்கச் சொன்னவகட்ட ஒண்ணு கேளுங்க, சட்டையக் கழத்துன்னா நெஞ்சு நடுவுல மேல இருந்து கீழ ஓடுத தழும்ப எங்கன கொண்டு ஒளிக்க? ஸ்டெதஸ்கோப்ப எடுக்கதுக்கு முன்னாலயே டாக்டர் கண்ணு அங்கதான் போவும். அது போக, ஃபாரத்துல பொய் எழுதி கையெழுத்துப் போட்டா பின்னால லைசென்சுக்கே வேட்டு.

ஓட்டை இருந்துச்சாங்கதோட அவுக விட மாட்டாக. ஓட்டை இருந்தது இருதயத்தோட மேலறைச் சுவரா கீழறைச் சுவரா, அடைச்ச எடத்துல கசிவு மிச்சம் இருக்கா, இருதயத்தோட வலது பக்கம் வீங்கியிருக்கா, நுரையீரல் ரத்தக்குழாய்ல பிரஷர் ஏறியிருக்கா, முக்கியமா தையல் போட்ட தடத்தால துடிப்பு தாளம் தப்புதான்னு எக்கோங்க இருதய ஸ்கேன், ட்ரெட்மில், 24 மணி நேரம் ஒடம்புல மாட்டி துடிப்பப் பதியுத ஹோல்டர்னு குடைஞ்சு எடுப்பாக. ஆகாசத்துல மயக்கம் வந்தா பஸ் மாதிரி ஓரங்கட்ட முடியாதுல்லா.

பரண்ல டிரங்குப் பொட்டியில அந்த ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி கெடக்கும், தேடி எடுங்க. அதோட இங்கனயே ஒரு இருதய டாக்டர்ட்ட புது எக்கோ எடுத்துருங்க. அப்புறம் டிஜிசிஏ, அதான் விமானப் போக்குவரத்த கண்காணிக்க மத்திய அரசு அமைப்பு, அதோட அங்கீகாரம் உள்ள டாக்டர்ட்ட கிளாஸ் 2ங்க மெடிக்கல், அதுல தேறுனா அதவிட கடுசான கிளாஸ் 1, அதுக்கு பெங்களூரு ஏரோஸ்பேஸ் மெடிசின் இன்ஸ்டிடியூட் மாதிரி எடத்துக்குப் போவணும். சம்பளத்துக்கு ஓட்டணும்னா கிளாஸ் 1 இல்லாம நடக்காது, கிளாஸ் 2 கெடச்ச சந்தோசத்துல பணத்தக் கட்டிறாதீக. டெம்பரரி அன்ஃபிட்னு வந்தா உக்காந்து அழவும் வேண்டாம், கேட்ட ரிப்போர்ட்ட கொண்டு திரும்பப் போவலாம்.

அமெரிக்காவுல டீக் ஸ்லேட்டன்னு ஒருத்தர், 1959ல நாசா மொதல்மொதல்ல எடுத்த 7 விண்வெளி வீரர்ல ஒருத்தர், துடிப்பு தாறுமாறா இருக்குன்னு 1962ல கீழ எறக்கி விட்டுட்டாக. மனுசன் அங்கனயே வேல பாத்துக்கிட்டு காத்துக் கெடந்து 1975ல விண்வெளிக்குப் போனாரு, அப்ப வயசு 51. ஒங்க மவனுக்கு கெடைக்கும்னு நான் வாக்கு குடுக்க முடியாது, ஆனா சின்ன வயசுலயே சுத்தமா அடைச்சு மத்ததெல்லாம் நார்மல்னா கேட்டுப் பாக்க ஒரு தப்பும் இல்ல.

கேள்வி: பைலட் மெடிக்கலுக்குப் போவப் போறேன், தினம் வ.உ.சி. மைதானத்துல ஓடுதேன். ஈசிஜில துடிப்பு 48தான், பயமா இருக்கு.
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஏ மக்கா, ஓடுத ஆளுக்கு துடிப்பு கொறயதுதான் வழக்கம். மயக்கம், கிறக்கம் இல்ல, ட்ரெட்மில்ல ஏறுனா துடிப்பும் ஏறுதுன்னா பெரும்பாலும் பயப்படாண்டாம். டெஸ்டுக்கு மொத நாளு மட்டும் ஓடாம பேசாம படுத்து ஒறங்கு.