மலிவான சீனச் சுற்றுலா: மீதிப் பணத்தை யார் கொடுக்கிறார்கள்?

கேள்வி: மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு சீனா போகத் திட்டமிட்டிருக்கிறோம். நான், கணவர், பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர், 71 வயது மாமனார். பெய்ஜிங், ஷியான், ஷாங்காய் என்று எட்டு நாள் பயணம். இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டோம். ஊர்கள் ஒன்றுதான், ஹோட்டல் தரமும் ஒன்றுதான். ஆனால் தலைக்கு 40 ஆயிரம் ரூபாய் வித்தியாசம். குறைந்த விலைக்காரரிடமே பணம் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. – கோவை வாசகி

பதில்: உங்கள் தயக்கம் சரியானது. முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு நிறுவனங்களின் பயணத் திட்டத்தையும் அருகருகே வைத்து, நாள்வாரியாக, ஒரு வரி விடாமல் படியுங்கள். அந்த 40 ஆயிரம் எங்கே குறைந்தது என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

உங்களிடம் பணம் வாங்கும் நிறுவனம் பொதுவாகச் சீனாவில் உங்களை நேரடியாகக் கவனித்துக்கொள்வதில்லை. அங்குள்ள உள்ளூர் நிறுவனத்திடம் குழுவை ஒப்படைத்துவிடும். பஸ், அறை, சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அந்த உள்ளூர்க்காரர் பொறுப்பு. அடக்க விலைக்கும் கீழே அவர் குழுவை எடுத்துக்கொண்டால், பற்றாக்குறையைக் கடைகளில்தான் ஈடுகட்டுவார். வழிகாட்டி உங்களைக் கடைக்கு அழைத்துப் போவார். நீங்கள் வாங்கும் பொருளின் விலையில் ஒரு பங்கு அவர்களுக்குத் திரும்பும். சீனர்களே தங்கள் நாட்டுக்குள் இந்த வகைச் சுற்றுலாவில் ஏமாந்து நொந்தவர்கள்தான். அதனால்தான் 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சீனச் சுற்றுலாச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, நியாயமற்ற குறைந்த விலையில் குழு சேர்த்து, கடை வழியாகவும் கூடுதல் கட்டண நிகழ்ச்சிகள் வழியாகவும் தரகு சம்பாதிப்பதைத் தடுக்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு வழி திறந்திருக்கிறது. இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்டாலோ, பயணியே விரும்பிக் கேட்டாலோ, மற்றவர்களின் பயணம் கெடாத வரையில் கடைக்கு அழைத்துப் போகலாம். ஆகவே எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

பயணத் திட்டத்தில் 'கடை' என்ற சொல் அநேகமாக இருக்காது. 'பட்டுத் தொழிற்சாலை', 'ஜேட் காட்சியகம்' (ஜேட் என்பது நகைக்கு ஆகும் பச்சை நிறக் கல்), 'தேநீர் விழா', 'பாரம்பரிய மருத்துவ மையம்' என்று இருக்கும். இவற்றுக்கெல்லாம் ஒரு கோடு போட்டு வையுங்கள். எத்தனை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம், போகாமல் இருக்கலாமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவையும் அக்காள் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு மலிவான குழு ஒன்றில் பெய்ஜிங் போனேன். பெருஞ்சுவர் பார்க்கும் நாள். காலை ஏழரைக்கெல்லாம் பஸ் கிளம்பிவிட்டது. வழியில் ஜேட் விற்கும் பெரிய கட்டடம் ஒன்றில் நிறுத்தினார்கள். விற்பனைப் பெண் ஒரு வளையலை நூலில் தொங்கவிட்டு இன்னொன்றால் மெல்லத் தட்டினார். மணி அடித்தாற்போல் நீண்ட ஓசை. அசல் கல் இப்படித்தான் ஒலிக்கும் என்றார். அம்மாவின் கையைப் பிடித்து, சோப்பு நீர் தடவி, ஒரு வளையலை மாட்டியும் விட்டார். அதைக் கழற்றுவதற்குள் அம்மாவின் மணிக்கட்டு சிவந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லவே அம்மா கூசினார். அங்கே ஒன்றே முக்கால் மணி நேரம். சாப்பாடும் அதே கட்டடத்தின் மாடியில். சுவரடியில் இறங்கியபோது மணி ஒன்று. இரண்டரைக்குப் பஸ் கிளம்பும் என்றார்கள். இரண்டாவது காவல் கோபுரம் வரை ஏறிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி ஓடி வந்தோம். அம்மா வாழ்நாளில் ஒரு முறை பார்க்கப் போன இடம் அது. வளையல் வாங்காததில் பணம் மிஞ்சியது, போன நேரத்தை யாரிடம் கேட்பது?

செயல்விளக்கங்கள் எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. கையளவு பட்டுப் பஞ்சை நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்து இழுக்க, அது மெத்தை அகலத்துக்குச் சிலந்தி வலை போல் விரிவதைப் பார்ப்பது சுகம்தான். நெசவு ஊர்களின் பக்கத்தில் வளர்ந்த நமக்கு இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். தேநீர்க் கடையில் களிமண் சிறுவன் பொம்மை ஒன்று வைத்திருப்பார்கள். கொதிநீரை ஊற்றினால் அது சிறுநீர் கழிப்பது போல் பீய்ச்சும். நீர் போதிய சூட்டில் இருப்பதற்கு அது அடையாளம். உங்கள் பிள்ளைகள் அதை விட்டு வர மாட்டார்கள். எட்டு நாளில் இப்படி ஒன்றிரண்டு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒன்று என்றால் அது சுற்றுலா அல்ல. மருத்துவ மையத்தில் மட்டும் மாமனாரை எச்சரித்து வையுங்கள். கால் பிடித்துவிட்டு, நாடி பார்த்து, ஈரலும் சிறுநீரகமும் பலவீனம் என்று சொல்லி மாதக்கணக்கில் மூலிகை மருந்து வாங்க வைப்பார்கள். வயதானவர்கள் பயந்துவிடுவார்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் அவற்றைத் தொடவே கூடாது.

அடுத்து, 'சீனப் பெருஞ்சுவர்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் எந்தப் பகுதி என்று கேளுங்கள். பாதாலிங்கில் கூட்டம் நெரியும். ஜூயோங்குவானில் செங்குத்தான படிகள், கேபிள் கார் கிடையாது, மாமனாருக்கு ஆகாது. முதியான்யூதான் உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது. கேபிள் கார் 14ஆம் கோபுரத்தின் அருகே இறக்கிவிடும். பிள்ளைகள் 6ஆம் கோபுரத்திலிருந்து சறுக்கு வண்டியில் கீழே வரலாம். இந்தக் கட்டணங்கள் விலையில் அடக்கமா என்பதையும் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் அங்கே போய்த் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பெய்ஜிங்கின் பழைய அரண்மனை, அதாவது தடை செய்யப்பட்ட நகரம், விடுமுறை நாட்கள் தவிர்த்துத் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணில்தான் தருவார்கள். ஏழு நாள் முன்னதாகத்தான் முன்பதிவு திறக்கும், வேகமாகத் தீர்ந்தும்விடும். கிடைக்காவிட்டால், வடக்கே எதிரில் இருக்கும் ஜிங்ஷான் குன்றின் மேலிருந்து அரண்மனைக் கூரைகளைக் காட்டிவிட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள். 'உள்ளே சென்று பார்த்தல்' என்று இருக்கிறதா, 'வெளியிலிருந்து பார்த்தல்' என்று இருக்கிறதா என்று திட்டத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் பாருங்கள். உள்ளே போக முடியாவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்றும் கேளுங்கள். தெற்கு வாசலிலிருந்து வடக்கு வாசல் வரை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், நடுவில் உயரமான வாசற்படிகள். மாமனாருக்குச் சக்கர நாற்காலி ஏற்பாடு உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

ஷியானில் சுடுமண் படை, அதாவது மண்ணால் செய்து சுட்ட போர்வீரர் சிலைகள், இருக்கும் இடம் நகரத்திலிருந்து 40 கிலோமீட்டர் அளவில், லின்தோங் பக்கம். 1974இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்டெடுத்தது. போகும் வழியில் பொம்மை செய்யும் 'தொழிற்சாலை' ஒன்று வரும். அதுவும் கடைதான். அங்கே கழிக்கும் நேரத்தை, அந்தச் சிலைகள் நிற்கும் முதல் குழியின் முன் நின்று கழித்தால் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

தேதியையும் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். மே 1ஐ ஒட்டிச் சீனர்களுக்குத் தொடர் விடுமுறை. நாடே வெளியில் கிளம்பியிருக்கும். முதல் வாரம் கழித்துப் போங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு ஜி.எஸ்.டி.யும், விற்பவரே உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் டி.சி.எஸ். வரியும் உண்டு. டி.சி.எஸ். உங்கள் பான் எண்ணில் பதிவாகி, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ கூடிய தொகை. இரண்டு விலையையும் இந்த வரிகளோடு சேர்த்து ஒப்பிடுங்கள். "பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தால் வரி மிச்சம்" என்று எவராவது சொன்னால், அவரிடம் போகாதீர்கள். நாளைக்குப் பிரச்சினை என்றால் உங்கள் கையில் அத்தாட்சி எதுவும் இருக்காது.

கேள்வி: சீனப் பயணம் முடித்து வந்து 18 நாள் ஆகிறது. வழிகாட்டி அழைத்துப் போன கடையில் பெரிய விலை கொடுத்து ஜேட் வளையல் வாங்கினேன். இங்கே கல் பரிசோதிப்பவரிடம் காட்டியபோது சாயம் ஏற்றிய கல் என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? – சென்னை வாசகர்

பதில்: இன்றைக்கே எழுத ஆரம்பியுங்கள், நாள் குறைவாக இருக்கிறது. நான் மேலே சொன்ன 35ஆவது பிரிவு, விதியை மீறிக் கடைக்கு அழைத்துச் சென்றிருந்தால், பயணம் முடிந்த 30 நாளுக்குள் பொருளைத் திருப்பித் தரவும், அந்தத் தொகையைச் சுற்றுலா நிறுவனமே முன்னதாகக் கொடுக்கவும் கேட்கும் உரிமையைப் பயணிக்குத் தருகிறது. கடையோடு மல்லுக்கட்ட வேண்டாம், நிறுவனத்தைப் பிடியுங்கள். பில், அட்டையில் பணம் கட்டிய சீட்டு, பயணத் திட்டம், கல் பரிசோதனைச் சான்று, வளையலின் படம் ஆகியவற்றை இணைத்து, இங்குள்ள நிறுவனத்துக்கும் சீனாவில் உங்களைக் கவனித்த நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். வளையல் வாங்கிய நகரத்தின் அரசு உதவி எண் 12345, நுகர்வோர் புகார் எண் 12315. இரண்டும் சீன எண்கள் என்பதால், சீன மொழி தெரிந்தவர் ஒருவரின் உதவி இருந்தால் நல்லது. கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிலும் ஆட்சேபணை பதிவு செய்யுங்கள்.

இங்குள்ள நிறுவனம் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அந்தக் கடைக்குப் போவது பற்றி நீங்கள் கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதைப் பொறுத்துத்தான் உங்கள் வாதம் நிற்கும்.

மற்றவர்களுக்கு ஒரு சொல். ஜேட் கல்லில் ஏ, பி, சி என்று வகை உண்டு. ஏ என்றால் இயற்கைக் கல். பி என்றால் அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றியது. சி என்றால் சாயம் போட்டது. பில்லில் வகையை எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். 'சைவ உணவு ஏற்பாடு உண்டு' என்கிறார்கள். நம்பலாமா? – மதுரை வாசகி

பதில்: 'இந்திய உணவகத்தில் எத்தனை வேளை' என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். குழு உணவில் சுழலும் வட்ட மேசையில் பத்துப் பேருக்குப் பொதுவாக வைப்பார்கள். அதில் கீரை இருக்கும், ஆனால் பன்றிக் கொழுப்பிலோ சிப்பிச் சாற்றிலோ வதக்கியிருக்கலாம். பௌத்த சைவ உணவகங்களில் இந்தக் கவலை இல்லை. அங்கே வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. 'வோ ச்சி சூ', நான் சைவம் சாப்பிடுபவள், என்பதைச் சீன எழுத்தில் அட்டையில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பொடியும் ஊறுகாயும் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் திட்டத்தில் ஷியாமென் ஒரு நாள் 'ஓய்வு' என்று இருக்கிறது. அந்த நாளில் கூடுதலாகப் பணம் கொடுத்து எங்காவது போவது பயனுள்ளதா? – சிங்கப்பூர் வாசகர்

பதில்: கட்டாயம் குவான்சோ போங்கள். அதிவேக ரயிலில் அரை மணி நேரத்தை ஒட்டிய பயணம்தான். 2021 முதல் உலகப் பாரம்பரிய நகரம். நம் வணிகர்கள் கடல் கடந்து போய் வாழ்ந்த துறைமுகம் அது. 1281இல் அங்கே சிவனுக்குக் கோயில் எடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு தமிழிலும் சீனத்திலும் கிடைத்திருக்கிறது. எடுப்பித்தவர் பெயர் சம்பந்தப் பெருமாள். அப்போது சீனாவை ஆண்டது மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான். கோயில் இன்று இல்லை, கற்கள் இருக்கின்றன. குழுவின் 'கூடுதல் நிகழ்ச்சி'யாக எடுத்தால் விலை ஏறும். ரயில் டிக்கெட்டை நீங்களே பாஸ்போர்ட் எண்ணில் எடுத்து, அங்கே டாக்சியில் கைய்யுவான் என்ற பௌத்தக் கோயிலுக்குப் போங்கள். பலர் பெரிய மண்டபத்தை முன்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போங்கள். இரண்டு கருங்கல் தூண்கள் நிற்கும். அவற்றில் கண்ணனையும் திருமாலையும் பார்ப்பீர்கள்.