இரண்டு வயசு வரை காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம், எடை ஆறு கிலோ. எக்கோவில் (இதய ஸ்கேனில்) 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ' என்று வந்திருக்கிறது. ஆக்சிஜன் அளவு 82. காலையில் எழுந்து அழும்போது உதடும் நகமும் நீலமாகிவிடுகின்றன. சீக்கிரம் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார் டாக்டர். உடம்பு தேறட்டும், இரண்டு வயசு ஆகட்டும் என்கிறார் மாமியார். நீலமாகும்போது நான் என்ன செய்வது?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், நாளைக் காலையே அது தேவைப்படலாம்.

குழந்தையை உங்கள் மார்போடு அணைத்து, அவன் முழங்கால் இரண்டையும் மடக்கி அவன் நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். படுக்க வைத்தும் இப்படிச் செய்யலாம். தட்டிக்கொடுத்து அழுகையை அடக்குங்கள். அப்போது பாலோ தண்ணீரோ புகட்டாதீர்கள். சில நிமிடங்களில் நிறம் திரும்பாவிட்டால் 108-ஐ அழையுங்கள். உடம்பு துவண்டாலோ வலிப்பு வந்தாலோ அந்தச் சில நிமிடங்கள்கூடக் காத்திருக்கக் கூடாது. வண்டியிலும் கால் மடங்கியே இருக்கட்டும்.

இந்தப் பிறவி இதய நோயில் நுரையீரலுக்குப் போகும் வழியில், வால்வுக்குக் கீழே தசை தடித்திருக்கும். அழும்போதும் முக்கும்போதும் அது மேலும் இறுகும். அசுத்த ரத்தம் கீழறைச் சுவரிலுள்ள ஓட்டை வழியாக, உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனிக்கு நேரே போய்விடும். காலை மடக்கினால் தொடை ரத்தக் குழாய்கள் நெரிந்து உடம்புப் பக்கம் எதிர்ப்பு கூடும். ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். ஆபரேஷன் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் ஓடும்போது நடுவில் தாங்களாகவே குத்துக்காலிட்டு உட்காருவதும் இதனால்தான்.

உங்கள் மாமியார் சொல்வது சிறிய ஓட்டை மட்டும் இருக்கும் குழந்தைக்குப் பொருந்தும். அது தானாக மூடக்கூடும். இங்கே வயது ஏற ஏறத் தசை இன்னும் தடிக்கும். ரத்தம் கெட்டியாகிப் பக்கவாதம் வரலாம். இரண்டு வயதுக்குப் பிறகு மூளையில் சீழ்க்கட்டி வரும் அபாயமும் உண்டு. 1944-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இந்த நோய்க்காக, நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போகும்படி, கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தார்கள். அது தற்காலிக வழிதான். 1954-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் லில்லஹை குறையையே சரிசெய்தார். இன்று ஒரு வயதுக்குள், பெரும்பாலும் ஆறு மாதத்தை ஒட்டி, முழு ஆபரேஷனும் நடக்கிறது. நூறில் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள். ஆறு கிலோ போதும். உங்கள் டாக்டர் சொல்வதையே கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு இடமுண்டு.

இதயத்தைத் திறந்து ஓட்டையைத் துண்டு வைத்துத் தைப்பார்கள். தடித்த தசையை வெட்டி எடுப்பார்கள். வால்வு வளையமே சின்னதாக இருந்தால் அதையும் பிளந்து அகலப்படுத்த வேண்டிவரும். அப்போது வால்வு ஒழுகும். பல ஆண்டுகள் தாங்கும், ஆனால் வலது கீழறை மெல்ல மெல்ல விரியும். பின்னாளில் புது வால்வு தேவைப்படலாம். பலருக்கு அதைத் தொடை வழியாகவே பொருத்த முடிகிறது. 'சரியாகிவிட்டது' என்று வருடாந்திரப் பரிசோதனையை விட்டுவிடுவதுதான் நான் அதிகம் அஞ்சுவது.

அதுவரை ஹீமோகுளோபினைப் பாருங்கள். நீலக் குழந்தைக்கு 11 என்பது போதாது. இரும்புச்சத்து குறைந்தால் நீலம் பாரிப்பது அடிக்கடி வரும். நீலம் பாரிப்பதைத் தடுக்கும் புரோப்ரனலால் மருந்தை டாக்டர் கொடுத்திருந்தால் பால் குடித்த பிறகே கொடுங்கள். வாந்தி எடுத்து, பால் குடிக்காத நாளில் சர்க்கரை இறங்கும், டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது. வயிற்றுப்போக்கு என்றால் அன்றே மருத்துவமனை. எங்கே டிரிப்ஸ் போட்டாலும் 'இதய ஓட்டை உள்ள குழந்தை, குழாயில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது' என்று நர்ஸிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓட்டை வழியாக அந்தக் குமிழி மூளைக்குப் போய்விடலாம்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், நெஞ்செலும்பு இன்னும் கூடியிருக்காது. ஒரு கை கழுத்துக்கும் தலைக்கும் அடியில், இன்னொரு கை பிட்டத்துக்கு அடியில் கொடுத்து அள்ளி எடுங்கள். பாட்டிக்கும் இதைச் செய்து காட்டுங்கள்.