வாசகர் கேள்விகள்: பூங்காவில் எதைப் பறிக்கலாம், எதற்குத் தீனி போடலாம்?

சிங்கப்பூர்ப் பூங்காக்களின் விதிமுறைகளைப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இம்மாதம் விடை தருகிறோம். கடிதங்கள் நீளம் கருதிச் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், காலை நடை முடிந்து திரும்பும்போது பூங்காவிலிருந்து நாலு செம்பருத்தியும் கொஞ்சம் நந்தியாவட்டையும் பறித்துவந்து சுவாமிக்கு வைக்கிறார். அபராதம் போடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா பயமுறுத்துகிறார். நாலு பூவுக்கா அபராதம்?
– வாசகி, ஈசூன்

பதில்: நாலு பூவுக்கும் உண்டு, அம்மா. தேசியப் பூங்காக் கழகம் பராமரிக்கும் பூங்காக்களில் செடிகொடிகளின் எந்தப் பகுதியையும் அனுமதியின்றிப் பறிப்பது குற்றம். அதற்கு 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கப்படலாம். சட்டப்படி தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டுள்ள பூமலை (தாவரவியல் பூங்கா), ஃபோர்ட் கேனிங் ஆகிய இரண்டிலும், புக்கித் தீமா, சுங்கை பூலோ முதலிய இயற்கை வனப்பகுதிகளிலும் இதே செயலுக்கு 50,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இவை உச்சவரம்புகள் என்பதையும், மூதாட்டி ஒருவர் பறித்த பூவுக்கு யாரும் எடுத்த எடுப்பில் இத்தொகையைக் கேட்கப்போவதில்லை என்பதையும் உங்கள் மாமியாருக்குச் சொல்லி, முதலில் அவருடைய அச்சத்தைப் போக்குங்கள்.

பொழுது விடியுமுன் பூக்கூடையோடு கிளம்புவதும், வேலிக்கு வெளியே நீளும் கிளையில் கைவைப்பதும் நம் ஊரில் யாரும் குற்றமாகக் கருதாத பழக்கங்கள். ஆனால் ஊரில் அந்தக் கிளைக்கு எட்டுவன ஒரு தெருவின் கைகள் மட்டுமே. இங்குள்ள பூங்காவிலோ பல அடுக்குமாடிப் புளோக்குகளின் மக்கள் ஒரே செடியைக் கடந்து நடக்கிறார்கள். காட்டுப் பகுதிகளில் தரையில் கிடப்பதையும் எடுத்துச் செல்லக் கூடாது. சட்டம் வெட்டுவதோடு நிற்காமல் சேகரிப்பதையும் இடம் மாற்றுவதையும் சேர்த்தே தடுக்கிறது. டுரியான் பருவத்தில் காட்டுக்குள் பை கொண்டு செல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். பூசைக்குப் பூ வேண்டுமென்றால் தேக்கா பூக்கடைகள் இருக்கவே இருக்கின்றன. பூசைக்கு வைப்பதைத் தம் கையாலேயே பறிக்க வேண்டுமென அவர் விரும்பினால், உங்கள் வட்டாரச் சமூகத் தோட்டத்தில் சேரலாம், அல்லது சில பூங்காக்களில் மூன்றாண்டு குத்தகைக்குத் தரப்படும் தோட்டப் பாத்திக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: என் தந்தையார் மறைந்தபின் ஒவ்வோர் அமாவாசையன்றும் பூங்காவின் ஓரத்தில் வாழையிலையில் சோறு வைத்துக் காகத்தை அழைக்கிறேன். பூச்செடியைப் பறித்தால் நட்டம் என்பது புரிகிறது. பசித்த உயிருக்குச் சோறிட்டால் யாருக்கு என்ன கேடு?
– வாசகர், பாசிர் ரிஸ்

பதில்: உங்கள் கடிதத்தில் இருக்கும் வருத்தம் புரிகிறது, ஐயா. ஆயினும் பூங்காவிலிருந்து எடுத்துச் செல்வோரைவிட, நல்லெண்ணத்தோடு அங்கே எதையாவது கொடுத்துச் செல்வோரால்தான் மிகுந்த தீங்கு நேர்கிறது என்பது எங்கள் கருத்து. பறித்த பூ மீண்டும் பூக்கும்; மனிதக் கையிலிருந்து உண்டு பழகிய விலங்கை மீண்டும் காட்டு விலங்காக்குவது அரிது.

நீண்ட வால் குரங்குகளைப் பாருங்கள். காட்டில் பழம் தேடித் தின்று விதைகளைப் பல இடங்களுக்கும் பரப்பும் விலங்கு அது. ரொட்டியும் கடலையும் சாலையோரத்தில் கிடைக்கத் தொடங்கியதும் அது காட்டோரத்துக்கு இடம்பெயர்கிறது. பிளாஸ்டிக் பையைக் கண்டாலே உணவு என்று கற்றுக்கொள்கிறது. பை வைத்திருக்கும் சிறுவனிடமிருந்து பிடுங்குகிறது. அல்லது வாகனத்தில் அடிபடுகிறது. பிறகு குடியிருப்பாளர்கள் புகார் செய்ய, அந்தக் குரங்கைப் பிடிக்க வருகிறார்கள். உணவு போட்டவர் அப்போது அங்கே இருப்பதில்லை. 2021-இல் பொங்கோலில் காட்டுப்பன்றி ஒன்று நடந்து சென்றவர்களைத் தாக்கிய செய்தி நினைவிருக்கும். மனிதரைக் கண்டு விலகி ஓட வேண்டிய விலங்கு, உணவு போடப்படும் இடங்களில் மனிதரை நெருங்கிவரப் பழகிவிடுகிறது என்பதே அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை.

2020 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் அனுமதியின்றி உணவு கொடுப்பது குற்றம். புறாவும் காகமும் இதில் அடங்கும். முதன்முறை பிடிபடுவோருக்கு 5,000 வெள்ளி வரையும், மீண்டும் செய்வோருக்கு 10,000 வெள்ளி வரையும் அபராதம் உண்டு. இது பூங்காவுக்கு மட்டுமான விதியன்று. புளோக்கின் கீழ்த்தளத்துக்கும் உங்கள் வீட்டு ஜன்னல் விளிம்புக்கும் பொருந்தும். ஆகவே, இலையைப் பூங்காவிலிருந்து வேறிடத்துக்கு மாற்றுவது தீர்வாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே நாம் காணும் வீட்டுக் காகம் இந்த மண்ணுக்குரிய பறவையன்று. தோட்டப் பயிர்களைத் தின்ற புழுக்களை ஒழிப்பதற்காக ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட காகங்கள் மலாயத் தீபகற்பம் எங்கும் பெருகின. உணவு எளிதாகக் கிடைத்த இடமெல்லாம் கூடு கட்டின. இன்று சில வட்டாரங்களில் குஞ்சு பொரிக்கும் காலத்தில் நடந்து செல்வோரின் தலையில் கொத்துகின்றன. ஒரு கோணத்தில் அவையும் நம் முன்னோரைப்போல் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவையே. உங்கள் கடமையைப் பொறுத்தவரை, படையலை வீட்டிலேயே வைத்து வணங்கிய பின் குடும்பத்தார் உண்பது, கோயிலில் தர்ப்பணத்துக்கோ அன்னதானத்துக்கோ ஏற்பாடு செய்வது போன்ற வழிகள் உள்ளன. முறைகளைக் கோயில் குருக்களிடம் கேட்டறிவதே சரி.

கேள்வி: வேறு நாட்டுக்குக் குடிபெயர்கிறோம். மகன் வளர்த்த இரண்டு ஆமைகளைப் பூங்காக் குளத்தில் விட்டுவிட்டால் சுதந்திரமாக வாழுமே?
– வாசகி, பீஷான்

பதில்: வேண்டாம். உங்களிடம் இருப்பது இங்கே பலரும் வளர்க்கும் சிவப்புக் காதுப்பட்டை ஆமையாக இருக்கலாம். அது அமெரிக்காவைச் சேர்ந்த இனம். கண்ணாடித் தொட்டியில் தீனி வாங்கிப் பழகிய ஆமைகளில் பல குளத்தில் பிழைப்பதில்லை. பிழைப்பவை உள்நாட்டு இனங்களின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொள்கின்றன. பௌத்தர்களின் வெசாக் தினத்தை ஒட்டிப் புண்ணியம் கருதி உயிரினங்களை விடுவோரையும் கழகம் ஆண்டுதோறும் இதே காரணத்துக்காகத் தடுக்கிறது. தவிர, வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது தனிக் குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வளர்க்க விரும்பும் இன்னொரு குடும்பத்தைப் புறப்படுமுன் தேடுங்கள்.

கேள்வி: பூமலையில் ஐந்து வெள்ளித் தாளில் இருக்கும் தெம்புசு மரத்தைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். சிறுவயதில் அதன் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து படம் எடுத்திருக்கிறேன். இப்போது என் பேரனுக்கு அது கிடையாதாம். வரி கட்டுகிறவர்களின் பூங்காதானே?
– வாசகர், குவீன்ஸ்டவுன்

பதில்: உங்கள் பூங்காதான், அதனால்தான் வேலி. 1859-இல் பூமலை தோன்றுவதற்கு முன்பே அங்கே நின்ற மரம் அது. தரையை ஒட்டி நீளும் அந்தக் கிளையில் எத்தனையோ தலைமுறைகள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டன. கிளையின் மீது ஏறும் சுமை கண்ணுக்குத் தெரிகிறது. அதைவிடப் பெரிய கேடு காலடியில் நடக்கிறது. மரத்துக்கு நீரையும் சத்தையும் உறிஞ்சித் தரும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருக்கிறது. ஓயாமல் மிதிபடும் மண் இறுகினால் காற்றும் மழைநீரும் உள்ளே இறங்குவதில்லை. வேர் மெல்ல நலிகிறது. மரம் வாடத் தொடங்குவது வெளியே தெரிவதற்குள் ஆண்டுகள் கடந்துவிடும் என்பதால், கெடுத்தவர் யார் என்று எவரையும் சுட்டிக்காட்ட முடியாது.

புக்கித் தீமாவில் நடந்ததும் இதுதான். தேய்ந்துபோன பாதைகளையும் சரிவுகளையும் சீராக்க அவ்வனப்பகுதியை 2014 செப்டம்பரில் மூடினார்கள். இடையில் வார இறுதிகளில் ஒரு பகுதியைத் திறந்தாலும், முழுமையாகத் திறக்க 2016 அக்டோபர் ஆயிற்று. சேற்றைத் தவிர்க்க ஒருவர் பாதைக்கு வெளியே கால் வைக்கிறார். அடுத்தவர் அதே தடத்தில் நடக்கிறார். சில மாதங்களில் பாதை அகன்று வேர்கள் மேலே தெரிகின்றன. அடுத்த மழை அந்த மண்ணை அடித்துச் செல்கிறது. ‘பாதையை விட்டு விலகாதீர்கள்’ என்ற பலகையைக் கடுமையானது என்று சொல்வோரிடம் எங்களுக்கு உடன்பாடில்லை. உங்கள் பேரனை வேலிக்கு இப்புறம் நிறுத்தியே முழு மரமும் தெரியப் படம் எடுக்கலாம். கிளையில் உட்கார்ந்தால் மரம் எங்கே தெரியும்?

கேள்வி: பள்ளி விடுமுறையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கலாமா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: தங்கலாம், ஆனால் முன்கூட்டியே அனுமதி பெற்று, அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டுமே கூடாரம் அமைக்க வேண்டும். நெருப்பு மூட்டுவதென்றால் பூங்காவில் கட்டப்பட்டுள்ள வாட்டும் அடுப்புகளில்தான். அவற்றுக்குத் தனியாக முன்பதிவு வேண்டும். 2022 ஜூலை 1 முதல் எல்லாப் பொதுப் பூங்காக்களிலும் புகைபிடிப்பது தடைசெய்யப்பட்டுள்ளதை உடன் வரும் பெரியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். மீந்த சோற்றை நாய்க்கோ பறவைக்கோ என்று மணலில் கொட்டிவிட்டு வராமல், குப்பைத்தொட்டியில் போட்டு மூடிவிடுங்கள்.