ஸ்பிராவில் வழி தெரியாமல் நிற்பவர்களுக்கு: ஃபைனல் ஃபேன்டஸி 10 கேள்வி பதில்

பிளேஸ்டேஷன் 2-க்கு 2001-இல் வந்த விளையாட்டு, ஸ்பிரா அதன் கதை நடக்கும் உலகம். நான் நான்கு முறை முடித்திருக்கிறேன். ஐந்தாவது முறை முக்கால்வாசி போனபோது, சித்தி பையன் தன் கிரிக்கெட் கேமை சேவ் செய்ய இடமில்லை என்று என் மெமரி கார்டில் இருந்ததை அழித்துவிட்டான். அவனுக்குக் கல்யாணமாகி குழந்தை பிறந்தாயிற்று, நான் இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது பிளேஸ்டேஷன் 4-இல் ரீமாஸ்டரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கதையின் முடிவை மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: 1 முதல் 9 வரை எதையும் தொட்டதில்லை. நேரே 10-இல் ஆரம்பித்தால் கதை புரியுமா? அப்புறம் ஹீரோ பெயர் டைடஸா, தீடஸா?

தாராளமாகப் புரியும். எண் போட்ட ஒவ்வொரு பாகமும் தனி உலகம், தனி ஆட்கள். 10-க்கு நேரடித் தொடர்ச்சி 10-2 மட்டும்தான். ரீமாஸ்டரில் இரண்டும் சேர்ந்தே வரும்.

பெயர் தீடஸ். ஜப்பானிய மூலத்தில் அவன் 'தீடா'. ஒகினாவா மொழியில் 'தீடா' என்றால் சூரியன், கதாநாயகியின் பெயரான 'யூனா' என்றால் இரவு. இதைத் தெரிந்துகொண்டு அந்த இரண்டு பேரையும் கவனியுங்கள், வேறு மாதிரி தெரியும். இந்தத் தொடரில் ஆட்கள் வாய்விட்டுப் பேசியது இதில்தான் முதல்முறை. ஆனாலும் ஹீரோ பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை. பெயரை நாம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாமே, அதனால்தான். நான் முதல் தடவை என் பெயரையே வைத்தேன். யூனா ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

கேள்வி: அண்ணா, என் தீடஸும் ஆரனும் நல்ல பலம். மற்றவர்கள் ஒரே அடியில் விழுகிறார்கள். பழைய இடத்துக்குப் போய் லெவல் ஏற்ற வேண்டுமா?

வேண்டாம் தம்பி. உன் குறை லெவலில் இல்லை, எல்1 பட்டனை நீ தொடவே இல்லை என்பதில் இருக்கிறது.

சண்டையில் மூன்று பேர்தான் நிற்பார்கள், ஆனால் குழுவில் ஏழு பேர். யார் முறை வருகிறதோ, அவரை எல்1 அழுத்தி வெளியே உட்கார்ந்திருப்பவரோடு மாற்றலாம். வந்தவர் அதே முறையில் உடனே அடிக்கலாம். முறை வீணாகாது.

உதாரணத்துக்கு ஒரு சண்டையை எடுத்துக்கொள். எதிரே ஓநாய் மாதிரி ஒன்று, தலைக்கு மேல் பறக்கிற ஒன்று, நோன்புக் கடல்பாசி போலக் குலுங்குகிற மஞ்சள் ஃபிளான் ஒன்று. ஓநாய் வேகமானது, ஆரன் வீசினால் தப்பிவிடும், தீடஸ் அடித்தால் விழும். பறப்பதற்கு வாக்காவின் பந்து. ஃபிளானை வாளால் எவ்வளவு குத்தினாலும் கீறல்தான் விழும். அங்கே லூலுவைக் கொண்டுவந்து நீர் மந்திரம் போடு, ஏனென்றால் மஞ்சள் ஃபிளான் மின்னலின் பிறப்பு. இடியும் நீரும் ஒன்றுக்கொன்று பகை, நெருப்பும் பனியும் அப்படியே. ஓடு போர்த்திய கனத்த மிருகம் வந்தால்தான் ஆரனுக்கு வேலை.

இதில் இன்னொரு லாபம். ஒரு சண்டையில் ஒரே ஒரு தடவை ஏதாவது செய்தவருக்கும் ஏபி (ஆளை வளர்க்கும் புள்ளிகள்) முழுசாகக் கிடைக்கும், பங்கு போட மாட்டார்கள். அடிக்க வாய்ப்பில்லையா, உள்ளே வந்து தற்காப்பு நிலையில் நின்றாலும் போதும். கடைசி எதிரியைக் கொல்லுமுன் ஏழு பேரும் ஒரு சுற்று தலைகாட்டினார்களா என்று பார். முடியும்போது செத்துக்கிடப்பவருக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. திரையின் வலப்பக்கம் அடுத்தடுத்து யார் முறை என்ற பட்டியல் ஓடும். மணி ஓடுவதில்லை. டீ குடித்துவிட்டு வந்துகூட முடிவெடு, எதிரி காத்திருப்பான்.

கேள்வி: ஸ்ஃபியர் கிரிட் ஸ்டாண்டர்டா, எக்ஸ்பர்ட்டா?

ஸ்ஃபியர் கிரிட் என்பது ஏபியைச் செலவழித்து ஆட்களின் பலத்தையும் வித்தைகளையும் வளர்க்கும் பலகை. முதல் தடவை ஸ்டாண்டர்ட். அதில் ஒவ்வொருவருக்கும் பாதை போட்டே கொடுத்திருக்கிறார்கள். கிமாரிக்கு மட்டும் சொந்தப் பாதை சின்னது, நடுவில் நிற்பார், யார் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். பலர் அவரை மறந்தேவிடுவார்கள். நான் குழுவின் திருடியான ரிக்குவின் பாதைக்கு அனுப்பித் திருட்டுத் தொழில் கற்றுக்கொடுப்பேன். ககசெட் மலையில் அவர் தனியாகத் தன் இனத்தவரான இரண்டு ரான்சோக்களோடு மோத வேண்டிவரும், அதற்காகப் பயப்படாதீர்கள். அவர்கள் பலம் கிமாரியின் பலத்துக்குத் தக்கபடி அமையும். அங்கே கிமாரியின் உறிஞ்சும் வித்தையான லான்செட்டை மறக்காமல் போடுங்கள், அவர்களிடமிருந்தே பல வித்தைகளை உறிஞ்சிக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. விடுமுறையில் இதைத்தான் ஆடுகிறான். நல்லதுதானா? சாப்பிடக் கூப்பிட்டால் 'சேவ் பாயிண்ட் வரட்டும்' என்கிறானே?

அம்மா, அவன் சாக்குச் சொல்லவில்லை. ஒளிரும் உருண்டை ஒன்று வரும், அதைத் தொட்டுத்தான் சேவ் செய்ய முடியும். பத்து நிமிஷம் பொறுங்கள். அமெரிக்கத் தரக்குறியீட்டில் இது 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. ரத்தம் பெரிதாக இல்லை, ஆனால் கதை முழுக்கச் சாவைப் பற்றியது. கடலிலிருந்து வந்து ஊர்களை அழிக்கும் 'சின்' என்ற பூதம், இறந்தவர்களை வழியனுப்ப யூனா நீர்மேல் ஆடும் நடனம், மதம் சொல்லும் பொய்கள். ஒருநாள் கூடவே உட்கார்ந்து பாருங்கள், அவனே கதை சொல்வான். ஆங்கிலமும் நன்றாக வரும்.

கேள்வி: ககசெட் மலையில் சீமோர். பதினோரு முறை செத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவன் வசனத்தைக் கேட்டே பாதி உயிர் போகிறது.

அந்த வசனத்தைத் தாண்டவும் முடியாது, தெரியும்.

வில்லன் சீமோருக்கு அங்கே 70,000 ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளிகள். அவன் கூடவே மிதக்கும் மோர்டியோர்கிஸ்தான் வில்லங்கம். சீமோர் ஈட்டியால் ஒருவரைக் குத்தி ஜோம்பி ஆக்குவான். அடுத்து மோர்டியோர்கிஸ் அதே ஆளுக்கு முழு உயிர் தரும் மந்திரத்தைப் போடும். ஜோம்பிக்கு உயிர் மந்திரம் விஷம், ஆள் காலி. ஆகவே குத்து விழுந்த அடுத்த முறையே ஹோலி வாட்டர் ஊற்று. மலையேறும் முன் மூட்டை கட்டிக்கொண்டு போ.

அவனுக்கு விஷம் ஏறும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. லூலுவிடம் பயோ என்ற விஷ மந்திரம் இருந்தால் போடு. அவன் முறை வரும்போதெல்லாம் 1,400 ஹெச்பி தானாகக் கரையும். பாதி வேலையை விஷமே பார்த்துக்கொள்ளும். 'டோட்டல் அனிஹிலேஷன்'தான் பெரிய அடி. அதற்குத் தயாராவதாக முன்கூட்டியே திரையில் எழுத்து வரும். வந்ததும் யூனாவைக் கொண்டுவந்து ஓர் ஏயானை, அதாவது அவள் வரவழைக்கும் பூதத்தை, அழைத்து முன்னால் நிறுத்து. அடியை அது வாங்கிச் சாகட்டும், பிறகு எழுப்பிக்கொள்ளலாம்.

குறுக்குவழியும் உண்டு. மலைக்கு முந்தைய சமவெளியையொட்டிய குகையில் யோஜிம்போ என்ற கூலி வாள்வீரன் இருக்கிறான். எதற்கு நான் என்று கேட்கும்போது 'மிகப் பலமான எதிரிகளை வீழ்த்த' என்று நீ சொன்னால் 250,000 கில் (விளையாட்டின் காசு) கேட்பான். அப்படியே எடுத்து நீட்டிவிடாதே, சந்தையில் மீன் வாங்குவதுபோலக் குறைத்துக் கேள், இறங்கி வருவான். அதன்பின் ஒவ்வொரு சண்டையிலும் தனிக் கூலி. கை நிறையக் கொடுத்து அதிர்ஷ்டமும் இருந்தால் ஒரே வீச்சில் சீமோர் முடிந்தான். கௌரவமான வெற்றியா என்று கேட்காதே. பதினோரு முறை செத்தவனுக்கு என்ன கௌரவம்?

கேள்வி: அல்பெட் மக்கள் பேசுவது நிஜ மொழியா?

அல்பெட் என்பது ஸ்பிராவில் வாழும் ஓர் இனம். அவர்கள் மொழி, நாம் சின்ன வயதில் பெரியவர்களுக்குப் புரியக்கூடாது என்று ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'க' போட்டுப் பேசினோமே, அந்த வகை. ஆங்கில எழுத்துக்குப் பதில் வேறு எழுத்து, உயிரெழுத்துக்கு உயிரெழுத்து. அதனால்தான் வாயில் நுழைகிறது. 'ஹலோ' அங்கே 'ரம்மு'. 26 எழுத்துக்கும் 26 அரிச்சுவடிகள் விளையாட்டு முழுக்கச் சிதறிக்கிடக்கின்றன. பாலைவனத்திலுள்ள அல்பெட் குடியிருப்பில் ஓடும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். அந்த இடத்துக்குத் திரும்பி வர முடியாது.

கேள்வி: லூக்காவில் தீடஸ் 'ஹா ஹா ஹா' என்று சிரிக்கும் காட்சி... நடிப்பு இவ்வளவு மட்டமா?

இணையத்தில் அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் போட்டுக் கேலி செய்தே அதற்குக் கெட்ட பெயர். முன்னும் பின்னும் சேர்த்துப் பாருங்கள். துக்கத்திலும் சிரிக்கப் பழக வேண்டும் என்கிறாள் யூனா. அவன் வேண்டுமென்றே பொய்ச் சிரிப்பு சிரிக்கிறான், பக்கத்தில் நிற்பவர்கள் இவனுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்கிறார்கள். அப்புறம் இருவருக்கும் நிஜச் சிரிப்பே வந்துவிடுகிறது. அவள் எதற்காகப் பழகிக்கொண்டாள் என்பது பின்னால் தெரியும்போது அந்த 'ஹா ஹா' தொண்டையில் அடைக்கும்.

கேள்வி: பிளிட்ஸ்பால் கட்டாயமா?

நீருக்குள் ஆடும் அந்தப் பந்தாட்டத்தில் கட்டாயம் ஒரே ஒரு போட்டி. தோற்றாலும் கதை நகரும். நான் தோற்றேன்.

கேள்வி: இடிச் சமவெளியில் தொடர்ந்து 200 மின்னலைத் தவிர்த்தீர்களா?

இல்லை. 160-ஐத் தாண்டியதும் காலிங் பெல் அடித்தது. லூலுவின் ஆயுதத்தை முழுதாக மெருகேற்ற அது தேவை, ஆனால் அது இல்லாமலே கதையை முடிக்கலாம்.

கேள்வி: சனார்கண்டில் யூனாலெஸ்காவை இப்போதுதான் வென்றேன். அடுத்து?

உடனே திரும்பி, அவளோடு சண்டை போட்ட அதே அறைக்குப் போங்கள். பெட்டியில் சன் கிரெஸ்ட் என்ற பொருள் இருக்கும், தீடஸின் ஆயுதத்துக்கு அது வேண்டும். இப்போது விட்டுவிட்டு ஆகாயக் கப்பல் கிடைத்தபின் வந்தால், ரீமாஸ்டரில் டார்க் பஹாமுட் என்ற பயங்கர எதிரி வாசலிலேயே நிற்கும். பெசைட் கிராமத்திலும் அதே கதை. 800,000 ஹெச்பியோடு டார்க் வேலிஃபோர் வழிமறிக்கும், கோயில் பெட்டியைத் தொடக்கத்திலேயே எடுக்காதவர்கள் அதனிடம்தான் மாட்டுவார்கள். எடுத்தீர்களா? இல்லையென்றால் அதைப் பிறகு தனியாகக் கேளுங்கள். இப்போது முதலில் அந்த அறைக்குத் திரும்புங்கள்.