மழைச் சத்தம் கேட்டால் படிப்பு ஏறுமா? செங்கோட்டை உளவியல் டீச்சரின் பதில்கள்

புளியரை, ஒரு தாய்: பன்னிரண்டாம் வகுப்பு மகள் மழைச் சத்தப் பதிவு ஓடினால்தான் படிக்கிறாள். மனத்தில் பதியுமா டீச்சர்?

மழைச் சத்தம் பாடத்தை மனத்தில் ஏற்றாது அம்மா. களைத்த கவனத்தைத் தேற்றும். உளவியலாளர்களான ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதியர் 1989இல் எழுதியது இதுதான்: பாடத்தில் கவனத்தை நிறுத்துவது உழைப்பு, உழைத்தால் அது தளரும். அருவியும் குருவியும் நம் முயற்சியில்லாமலே மனத்தை இழுப்பதால், தளர்ந்த கவனம் அந்நேரம் ஓய்வெடுக்கிறது. 2019இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், இயற்கை ஒலி கேட்டவர்கள் நகர இரைச்சல் கேட்டவர்களைவிட நினைவுப் பயிற்சிகளில் நன்றாகத் தேறினார்கள். ஆனால் அவர்கள் பயிற்சியின்போது கேட்கவில்லை, அதற்கு முன்பு கேட்டார்கள். ஆகவே இடைவேளையில் கேட்கட்டும். மனப்பாடத்துக்கு அமைதியே மேல். பக்கத்து வீட்டு மலையாள சீரியல் ஓயாவிட்டால் மட்டும், அதை மறைக்கும் அளவுக்கு மெல்லிய மழைச் சத்தம் வைக்கலாம். புரியாத மொழிப் பேச்சுகூட மனப்பாடத்தைக் குலைக்கும் என்று 1976லேயே கண்டறிந்திருக்கிறார்கள். இயர்போன் மட்டும் வேண்டாம், ஸ்பீக்கர் போதும்.

ஆரியங்காவு, கல்லூரி மாணவர்: பாட்டு கேட்டுக்கொண்டே படிக்கலாமா?

பாட்டில் சொற்கள் இருக்கின்றன தம்பி. மனப்பாடத்துக்கு வேண்டாம்.

அச்சன்கோவில்: அருவியா, பறவையா, எது நல்லது?

2021இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மன உற்சாகத்துக்கு நீரோசையும், பதற்றம் தணியப் பறவையொலியும் முன்னே நின்றன. தேர்வுக்கு முந்தைய நாள் பறவைகளைக் கேளுங்கள்.

புளியரை, லாரி உரிமையாளர்: பழகிவிட்டால் எந்தச் சத்தமும் ஒன்றும் செய்யாது. சோதனைச் சாவடி லாரிகளுக்கு நடுவே படித்து என் பிள்ளைகள் தேறவில்லையா?

தேறியதில் மகிழ்ச்சி அண்ணாச்சி. ஆனால் இரைச்சல் இல்லாதிருந்தால் இன்னும் எவ்வளவு எளிதாகப் படித்திருப்பார்கள்! நியூயார்க்கில் ஒரு பள்ளியை ஒட்டி மேம்பால ரயில் ஓடியது. ரயில் பக்க வகுப்பறைப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். மேல்வகுப்பில் அந்த இடைவெளி ஏறத்தாழ ஓராண்டு. உளவியலாளர் அர்லைன் பிரான்சாஃப்ட் 1975இல் இதை வெளியிட்டார். அவர்களும் பழகியவர்கள்தாமே?

அவரே மீண்டும்: அந்தப் பிள்ளைகள் ஏழை வீட்டவர்களாக இருந்திருப்பார்கள்.

ஒப்பிட்டது அதே பள்ளியின் மறுபக்க வகுப்புப் பிள்ளைகளோடு அண்ணாச்சி. தண்டவாளத்துக்கு ரப்பர் மெத்தையும் வகுப்பறைக்கு ஒலி தடுக்கும் கூரையும் போட்ட பிறகு வேறுபாடு மறைந்தது. 1981இல் அதையும் பதிவுசெய்தார். நெடுஞ்சாலையோரப் பள்ளிகளுக்கு இதை நாம் கேட்டுப் பெற வேண்டும். நீங்களே முன்னின்று கேட்கலாம்.

கடையநல்லூர்: எந்த மழைப் பதிவு நல்லது?

செங்கோட்டை: எட்டு மணிநேர மழைப் பதிவு எங்கே கிடைக்கும்?

இருவருக்கும் ஒரே பதில்: எதுவானாலும் சரி, இடைவேளைக்கு மட்டும். சாரல் பொழியும் ஜூன், ஜூலையில் செங்கோட்டையில் இருந்துகொண்டு பதிவு எதற்கு? சன்னலைத் திறவுங்கள்.

தென்காசி, ஒரு தந்தை: மகன் இயர்போனில் அருவி ஓசையுடன் தூங்குகிறான். காதில் ரீங்காரம் என்கிறான்.

இயர்போனை உடனே நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கு வாரம் 40 மணிநேரம், அதுவும் ஒலியளவு 75 டெசிபலுக்குள் என்பதே உலக சுகாதார அமைப்பின் வரம்பு. அருவி ஓசையானாலும் அளவு மீறினால் செவியைக் கெடுக்கும். ரீங்காரத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த வாரமே காது மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.