பொது ரோடு, பொது மோட்டார், பொதுப் பணம்: கேள்வி பதில்

ஊருக்கு வெளியே பத்து இருபது வீடுகள் சேர்ந்து ரோட்டையும் தண்ணீரையும் தாங்களே பார்த்துக்கொள்ளும் குடியிருப்புகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வருஷா வருஷம் மண் ரோட்டுக்கு கிராவல் கொட்டுறோம் சார். நாலு மழை பெய்தா பழையபடி அதே இடத்துல குழி. கிராவல் சரியில்லையா, ரோலர் சரியில்லையா?

"அதே இடத்துல" என்று சொன்னீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. அங்கே தண்ணீர் நிற்கிறது. கிராவலை மாற்றுவதற்கு முன் தண்ணீரை வெளியே அனுப்புங்கள்.

மண் ரோட்டுக்கு நடு மேடாகவும் இரு ஓரமும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். சரிவு 4 முதல் 6 சதவீதம். 4 மீட்டர் அகல ரோட்டில் நடுப்பகுதி ஓரத்தைவிட 8 முதல் 12 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். ரோட்டின் குறுக்கே ஒரு நூலை மட்டம் பார்த்துக் கட்டினால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அநேகமாக உங்கள் ரோட்டில் நடு பள்ளமாகியிருக்கும். சக்கரம் தள்ளிய கல்லும் புல்லும் சேர்ந்து ஓரத்தில் வரப்பு மாதிரி எழும்பியிருக்கும். அந்த வரப்பு இருக்கும்வரை மழைத்தண்ணீர் பக்கத்துக் கால்வாய்க்குப் போகாது, ரோட்டிலேயே ஓடும். முதலில் அதை வெட்டி எடுங்கள். அந்த மண்ணில் பாதி உங்கள் பழைய கிராவல்தான், சலித்தால் திரும்பப் பயன்படும்.

குழிக்குள் கல்லை மட்டும் கொட்டி மிதித்துவிட்டுப் போவது வீண். குழியின் அடி ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள பரப்பைக் கீறிக் கிளறி, கலந்து, சரிவு கொடுத்து, ஈரத்தோடு இறுக்க வேண்டும். மழை விட்டு ஓரிரு நாளில் செய்தால் நல்லது. காய்ந்த மண்ணில் ரோலர் எத்தனை தடவை போனாலும் பிடிக்காது, தூசியாகத்தான் பறக்கும்.

கல்லைப் பற்றியும் கேட்டதால்: உருண்டையான ஆற்றுக்கல் ஒன்றோடொன்று பிடிக்காது. உடைத்த கல், நடுவில் பொடி, கொஞ்சம் களிமண் என்று கலந்திருக்க வேண்டும். கைப்பிடி எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து பாருங்கள். உருண்டையாக நின்றால் போதும், பானை செய்கிற அளவுக்கு ஒட்டினால் களிமண் அதிகம்.

கேள்வி: ஒரே ஒருத்தர் வீடு கட்டுறார். அவருக்கு வந்த லாரியில எல்லாருடைய ரோடும் போச்சு. "நானும் சந்தா கட்டுறேனே"ங்கிறார். என்ன பண்ணலாம்?

அவர் சந்தா காருக்கும் ஸ்கூட்டருக்கும் சரி, லாரிக்குப் போதாது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸில் தனியாகச் சோதனை ரோடு போட்டு, அதில் வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள். ரோட்டுக்கு ஏற்படும் சேதம், சக்கர அச்சு சுமக்கும் எடையின் ஏறத்தாழ நாலாம் அடுக்கில் கூடுகிறது என்பது அதிலிருந்து கிடைத்த கணக்கு. எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. தார், கான்கிரீட் ரோட்டில் எடுத்த கணக்கு அது. நனைந்த மண் ரோடு அதைவிட நன்றாகத் தாங்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கட்டி முடித்தவரிடம் இப்போது வாக்குவாதம் செய்து பெரிதாகக் கிடைக்காது, ஒரு லோடு கல்லாவது கேட்டு வாங்குங்கள். அடுத்தவருக்கு விதி போடுங்கள்: வேலை தொடங்கும் முன் ரோட்டைத் தேதியோடு போட்டோ எடுப்பது, ஒரு முன்பணம் வாங்கி வைப்பது, கனமழைக்குப் பின் ரோடு காயும்வரை லாரியை விடாதிருப்பது, முடிந்ததும் போட்டோவை வைத்து ஒப்பிட்டு முன்பணத்தைத் திருப்பித் தருவது. அடுத்து கட்டப்போவது யார் என்று தெரிவதற்கு முன்பே இதை நிறைவேற்றிவிடுங்கள். தெரிந்த பிறகு போட்டால் அது விதி இல்லை, அவர் மேல் போட்ட வழக்கு.

கேள்வி: காலி மனைக்காரர்களும் சந்தா கட்டணுமா?

ரோடு, கால்வாய், வேலி, சேமிப்பு நிதி ஆகியவற்றுக்குக் கட்ட வேண்டும். அவர் மனைக்கு மதிப்பு இருப்பதே அங்கே போக வழி இருப்பதால்தான். தண்ணீர், மோட்டார் கரண்ட், குப்பைக்கு வேண்டாம். சந்தாவை இப்படி இரண்டாகப் பிரித்து எழுதினாலே பாதி வாக்குவாதம் அடங்கும்.

கேள்வி: எனக்குச் சொந்த போர்வெல் இருக்கு. பொதுத் தண்ணிக்கு நான் ஏன் கொடுக்கணும்?

குடித்த தண்ணீருக்குக் கொடுக்க வேண்டாம். தொட்டி, குழாய், மோட்டார் ஆகியவற்றில் உங்கள் பத்திரப்படி பங்கு இருந்தால் அந்தப் பங்குக்குக் கொடுக்கத்தான் வேண்டும். "நான் பயன்படுத்தவில்லை" என்பதைக் காட்டிப் பொதுச்சொத்துச் செலவிலிருந்து விலக முடியாது என்பதே பல நாட்டுச் சட்டங்களின் நிலை. ஆனால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முதல் சாட்சி. எடுத்துப் படியுங்கள். படிக்காமல் பேசுகிறவர்கள்தான் இதில் அதிகம், சங்கத் தலைவர்கள் உட்பட.

கேள்வி: மோட்டார் எரிஞ்சா அன்னைக்கு வசூல் பண்ணிக்கலாம்னு பாதிப் பேர் சொல்றாங்க. முன்னாடியே சேர்க்கணுமா அண்ணே?

எரிந்த அன்றைக்கு இரண்டு பேர் வெளியூரில் இருப்பார்கள், ஒருவர் போன் எடுக்க மாட்டார், தொட்டியில் ஒரு நாள் தண்ணீர்தான் இருக்கும். முன்னாடியே சேர்த்துவையுங்கள் தம்பி.

கணக்கு எளிது. மாற்றும் செலவை அது உழைக்கும் வருஷங்களால் வகுத்து, பிறகு வீடுகளால் வகுக்க வேண்டும். மோட்டாருக்கு 1,000 அலகு பணம் செலவு, 10 வருஷம் உழைக்கும், 20 வீடு என்றால் வீட்டுக்கு வருஷம் 5 அலகு. பலர் வழுக்குவது அடுத்த படியில். மோட்டார் ஏற்கெனவே 6 வருஷம் ஓடிவிட்டது, கையில் நிதி இல்லை என்றால் 10-ஆல் வகுக்கக் கூடாது, மிச்சமுள்ள 4-ஆல் வகுக்க வேண்டும். அப்போது 5 இல்லை, 12.5. இந்த எண்ணைக் கூட்டத்தில் சொல்லும்போது முகங்கள் மாறும், பரவாயில்லை. விலையும் ஏறும், அதனால் வருஷம் ஒரு தடவை செலவுத் தொகையைப் புதிதாக விசாரித்துத் திருத்துங்கள். இந்தப் பணம் அன்றாடச் செலவுக் கணக்கில் கலக்கவே கூடாது.

கேள்வி: மோட்டார் முன்னைவிட அதிக நேரம் ஓடுது. யாரோ தோட்டத்துக்குத் தண்ணி விடறாங்கன்னு ஒரே சந்தேகம்.

ஆளைச் சந்தேகப்படும் முன் குழாயைச் சந்தேகப்படுங்கள். எல்லாருக்கும் சொல்லிவிட்டு ஒரு ராத்திரி 11 மணிக்கு வீட்டு வால்வுகளை எல்லாம் மூடுங்கள். மோட்டாரை நிறுத்தி, தொட்டியில் ஒரு குச்சியை விட்டு மட்டத்தைக் குறியுங்கள். காலை 4 மணிக்கு மறுபடி பாருங்கள். தொட்டியின் உள்அளவு 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால், 1 செ.மீ. இறக்கம் 60 லிட்டர். 5 செ.மீ. இறங்கியிருந்தால் 300 லிட்டர், ஒரு நாளைக்கு 1,440 லிட்டர் மண்ணுக்குள் போகிறது.

மறுநாள் ராத்திரி தொட்டியின் வெளிவால்வையே மூடிவிட்டு இதையே செய்யுங்கள். அப்போதும் இறங்கினால் ஓட்டை தொட்டியில். இறங்காவிட்டால் வீதிக் குழாயில். இரண்டு ராத்திரியும் மட்டம் அசையவில்லை என்றால் மட்டும் தோட்டக்காரரைப் பற்றிப் பேசலாம், அதுவும் வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்த பிறகு.

கேள்வி: தொட்டியில குளோரின் எவ்வளவு இருக்கணும்?

போட்ட பிறகு அரை மணி நேரம் விடுங்கள். கடைசி வீட்டுக் குழாயில் பரிசோதித்தால் லிட்டருக்கு 0.2 மி.கி.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். தொட்டியடியில் பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை. கலங்கிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, முதலில் தெளியட்டும்.

கேள்வி: ரெண்டு வீடு ஒரு வருஷமா சந்தா கட்டல. குரூப்பில பேர் போடலாமா? தண்ணிய நிறுத்தலாமா?

இரண்டும் வேண்டாம். தண்ணீரை நிறுத்துவது பல இடங்களில் சட்டப்படி உங்களைத்தான் மாட்டிவிடும். பேரைப் போட்டால் அவர் கட்டாததற்கு ஒரு காரணம் புதிதாகக் கிடைக்கும்.

2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், பொதுச்சொத்தை நெடுங்காலம் காத்த சமூகங்களை ஆராய்ந்தவர். அவர் கண்டவற்றில் ஒன்று, தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது. இன்னொன்று, விதி மீறப்பட்டதா என்று உறுப்பினர்களே பார்த்துக்கொள்ள முடிவது. அவர் எடுத்துக்காட்டும் சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517-இல் ஒரு விதி: குளிர்காலத்தில் எத்தனை மாட்டைத் தீவனம் போட்டு வைத்திருக்க முடியுமோ, அத்தனையைத்தான் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். பக்கத்து வீட்டுத் தொழுவத்தை எண்ணத் தெரிந்தால் போதும், மீறலை யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: நேரில் போய்ப் பேசுவது, எழுத்தில் நினைவூட்டல், சிறு அபராதம், சங்கத்தில் ஓட்டுரிமை நிறுத்தம், கடைசியாக வக்கீல் நோட்டீஸ். நேரில் போகும்போது வருஷக் கணக்கை அச்சடித்துக் கொண்டுபோங்கள். "பணம் எங்கே போகுதுன்னே தெரியல" என்பதுதான் கட்டாதவர்களிடம் அடிக்கடி கேட்கும் பதில், பல தடவை அது நியாயமும்கூட.

கேள்வி: எங்க பெரியவர் ஒருத்தர்தான் எல்லாம் பார்க்கிறார். நல்லவர். அவர்கிட்ட கணக்கு கேட்கச் சங்கடமா இருக்கு.

அவரிடம் கேட்காதீர்கள், ஏற்பாட்டை மாற்றுங்கள். பேங்கில் இரட்டைக் கையெழுத்து, கைச்செலவுக்கு ஓர் உச்சவரம்பு, மாதம் ஒரு தாளில் வரவு செலவு. அவருக்கும் இது பாதுகாப்பு என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். அதைவிட அவசரம், அவர் தலையில் மட்டும் இருக்கும் விஷயங்கள். எந்த வால்வு எந்த வீதிக்கு, குழாய் எந்த மரத்தடியில் திரும்புகிறது, மோட்டார் எத்தனை அடியில் இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் வேறு யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு நடந்து படம் வரைந்து, நகல் எடுத்து மூன்று வீட்டில் வையுங்கள்.

கேள்வி: தெருவிளக்கு பகலிலும் எரியுது. யார் அணைக்கிறதுன்னு முறை போடலாமா?

முறை போட்டால் இரண்டு வாரம் நடக்கும். ஒளி உணரும் சுவிட்ச் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.