பாஸ் ராடில் கொடுவா பிடிக்கலாமா? – தூண்டில்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

‘பாஸ் ராட்’ என்று போட்டுத் தூண்டில் கழி விற்கிறார்கள். நம் ஊரில் அந்த மீனே இல்லையே, வாங்கலாமா? – மதுரையிலிருந்து ஒரு வாசகர்

தாராளமாக வாங்கலாம். அந்தப் பெயரில் வரும் பாஸ், அமெரிக்க ஏரிகளில் வாழும் லார்ஜ்மவுத் பாஸ். 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த மீன் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ. இன்றுவரை உலக சாதனை அதுதான். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் அதற்குச் சமமாக ஒன்று கிடைத்தது. ஆனால் அமெரிக்க ஏரிகளில் சாதாரணமாகக் கிடைப்பது ஒன்று, இரண்டு கிலோ மீன்தான். பாசிக்குள்ளும் கட்டைக்குள்ளும் பதுங்கியிருந்து, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து அடிக்கும் மீன் அது. நம்ம விராலும் அப்படித்தான். அதனால் ஆறரை, ஏழு அடி மீடியம் ஹெவி பாஸ் ராட், தாமரைக்குளத்தில் ஃப்ராக் (ரப்பர் தவளை) போடுவதற்கென்றே செய்தது போலப் பொருந்தும்.

கொடுவாவை ஆங்கிலத்தில் ஆசியன் சீ பாஸ் என்கிறார்கள். பெயரில்தான் உறவு, இரண்டும் வேறு வேறு குடும்பம். நாலைந்து கிலோ வரை கொடுவாவை அதே ராடு தாங்கும். ஆனால் அமெரிக்க ஏரிக்குச் செய்த ராடில் இரண்டு விஷயங்களுக்கு இடம் வைத்திருக்க மாட்டார்கள். ஒன்று உப்பு: மலிவான ராடில் நூல் ஓடும் வளையங்களின் கால் ஒரே சீசனில் துருப்பிடித்துவிடும். இன்னொன்று கொடுவாவின் செவுள் மூடி. கத்தி மாதிரி இருக்கும், வெறும் பிரெய்டை (பின்னல் நூலை) ஒரே உதறலில் அறுத்துவிடும். நூல் முனையில் 30 அல்லது 40 பவுண்டு லீடர் (தடித்த துண்டு நூல்) ஒரு கை நீளமாவது கட்டாமல் கழிமுகத்துக்குப் போகாதீர்கள்.

நல்ல ராட், ரீல் ஒன்று சொல்லுங்கள். அவசரம். – ஊர் குறிப்பிடவில்லை

எந்த மீன், எந்தத் தண்ணீர், கரையிலிருந்தா படகிலிருந்தா, கையில் எவ்வளவு பணம்? ஒன்றும் எழுதாமல் அவசரம் என்று மட்டும் எழுதினால் நான் என்ன சொல்வது? மாதாமாதம் இப்படிப் பத்துக் கடிதமாவது வருகிறது. பொதுவாக ஒன்று வேண்டுமென்றால்: 7 அடி மீடியம் ஸ்பின்னிங் ராட், 7 முதல் 28 கிராம் லூர் (செயற்கை இரை) என்று எழுதியிருக்க வேண்டும். 3000 சைஸ் ரீல், 20 பவுண்டு பிரெய்டு. எல்லாம் சேர்த்து ஐந்தாயிரம் ரூபாய் சுமாருக்குள் வாங்கிவிடலாம். இது எதற்கும் முழுசாகப் பொருந்தாது, எதற்கும் உதவாமலும் போகாது. விவரம் எழுதுங்கள், சரியாகச் சொல்கிறேன்.

12+1 பேரிங் உள்ள ரீல் 1,500 ரூபாய். 4+1 பேரிங் ரீல் 4,000 ரூபாய். முதலாவதுதானே லாபம்? – நாகர்கோவில்

இல்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் பன்னிரண்டு பேரிங் வைத்தால் அவை எந்தத் தரத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடல்காற்றில் துருப்பிடிக்க பன்னிரண்டு இடம், அவ்வளவுதான். கடையில் கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம். டிராக்கை (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிடிப்பை) கொஞ்சம் இறுக்கி நூலை இழுத்துப் பாருங்கள். விட்டு விட்டு வெட்டி வெட்டி வந்தால் அதுவும் வேண்டாம்.

தூண்டில் வளைவுக் கல்லில் (கடலுக்குள் நீளும் கல் தடுப்பில்) நின்று இரண்டு கிலோ கொடுவாவைத் தூக்கும்போது ராட் நுனியிலிருந்து ஓர் அடியில் முறிந்துவிட்டது. ராடில் 20 பவுண்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார். இது உற்பத்திக் குறைபாடுதானே? – கடலூர் இளைஞர்

தம்பி, கடைக்காரர் சரியாகத்தான் சொன்னார். நீங்கள் அனுப்பிய படத்தில் முறிவு இருக்கும் இடமே எல்லாவற்றையும் சொல்கிறது. இதைப் பல தடவை எழுதிவிட்டேன், இன்னொரு தடவையும் எழுதுகிறேன். வாங்கிய ஆறு மாதத்துக்குள் முறியும் ராடுகளில் பெரும்பாலானவை மீனால் முறிவதில்லை. தூக்குவதால் முறிகின்றன.

முதலில் அந்த 20 பவுண்டு. அது ராட் தூக்கும் எடை இல்லை, அந்த ராடில் போட வேண்டிய நூலின் பலம். டிராக் சரியாக வைத்து, ராடைச் சரியான கோணத்தில் பிடித்துச் சண்டை போடும்போது அந்த நூல் அறும் முன் ராட் முறியாது என்று பொருள். தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு எடையே இல்லை என்று சொல்லலாம், அங்கே நீங்கள் எதிர்ப்பது அதன் வேகத்தை. வெளியே தூக்கிய நிமிடம் இரண்டு கிலோவும் முழுசாகத் தொங்குகிறது. அது உதறும்போது அந்த இழுப்பு இரண்டு மடங்கு, மூன்று மடங்காகிறது.

அடுத்தது கோணம். ராடின் தசை அடிப்பாதியில் இருக்கிறது, நுனி உணர்வுக்கும் வீச்சுக்கும்தான். ராடை 45 டிகிரிக்குப் பக்கத்தில் பிடித்தால் வளைவு கைப்பிடி வரை இறங்கி வரும், சுமையை அடிப்பாதி ஏற்கும். நீங்கள் கல்மேல் நின்றுகொண்டு, மீன் காலடிக்கு வந்ததும் ராடைத் தலைக்குப் பின்னால் வரை சாய்த்திருப்பீர்கள். அப்போது அடிப்பாதி வேலையே செய்யாது. பென்சில் முனை அளவு கனமுள்ள அந்த ஓர் அடி நுனி மட்டும் முழுச் சுமையையும் வாங்கும். கார்பன் வளையும், ஒரு அளவைத் தாண்டினால் முன்னறிவிப்பே இல்லாமல் உடையும். பழைய ஃபைபர் ராடுகள் இதைப் பொறுத்துக்கொள்ளும். அதில் பழகிய கைகள்தான் இந்தத் தப்பை அதிகம் செய்கின்றன. என் முதல் கார்பன் ராடும் கோவளத்தில் கல்மேல் நின்று தூக்கும்போதுதான் போனது. கையில் பாதி ராட், தண்ணீரில் பாதி ராட், மீனும் போயிற்று. அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

என்ன செய்வது? நீண்ட கைப்பிடி உள்ள வலை ஒன்று வாங்குங்கள்.  வலை இல்லாவிட்டால் அலை வரும்போது அதன் கூடவே மீனைக் கல்லிடுக்குக்குக் கொண்டுவந்து, ராடைத் தாழ்த்தி, லீடரைக் கையுறை போட்ட கையால் பிடித்து இழுங்கள். பாறையில் லூர் மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான். ராடை வளைத்து வளைத்து இழுக்காதீர்கள். நூலும் ராடும் ஒரே நேர்கோட்டில் வரட்டும், நூலை ஒரு கட்டையில் நாலு சுற்றுச் சுற்றிப் பின்னால் நடங்கள். கையில் சுற்றாதீர்கள், பிரெய்டு எலும்பு வரை இறங்கும்.

இன்னொன்றும் உண்டு. பேருந்தில் மேல்தட்டில் போட்டு, பைக்கில் கட்டி, ஈயக்குண்டு ராடில் மோத மோதக் கொண்டுபோகிறோம். அந்த அடி வெளியே தெரியாது. கார்பனுக்குள் காயம் இருக்கும், ஒரு மாதம் கழித்துச் சின்ன மீனுக்கு முறியும். அப்போதும் கடைக்காரர் மேல்தான் கோபம் வரும். ஒரு பி.வி.சி. குழாய் வாங்கி உறை செய்துகொள்ளுங்கள்.

டிராக் எவ்வளவு இறுக்க வேண்டும்? – சென்னை

நூல் பலத்தில் கால் பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு. 20 பவுண்டு நூலுக்கு இரண்டேகால் கிலோ, அதிகம் போனால் மூன்று கிலோ. கைக்கணக்கு வேண்டாம். மீன் நிறுக்கும் கொக்கித் தராசை நூலில் மாட்டி, ராடை வளைத்துப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்துங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் வளையங்கள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும்.

பெய்ட்காஸ்டர் ரீல் வாங்கினேன். ஒவ்வொரு வீச்சுக்கும் நூல் குருவிக்கூடாகிறது. ரீல் பழுதா? – தஞ்சாவூர்

ரீல் பழுதில்லை, கை பழகவில்லை. லூர் பறக்கும் வேகத்தைவிட ஸ்பூல் (நூல் சுற்றியிருக்கும் சக்கரம்) வேகமாகச் சுற்றினால் நூல் பொங்கும், அவ்வளவுதான். லூரைக் கட்டி, ராடை நீட்டிப் பிடித்து, பட்டனை அழுத்துங்கள். லூர் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும் அளவுக்குப் பக்கவாட்டுத் திருகை இறுக்குங்கள். பிரேக் பத்துக்கு எட்டில் வையுங்கள். லூர் தண்ணீரைத் தொடும் முன் கட்டைவிரல் ஸ்பூலைத் தொட வேண்டும். காற்றுக்கு எதிராக வீசாதீர்கள். 10 கிராமுக்குக் குறைவான லூரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரு வாரம் காலி மைதானத்தில் வீசிப் பழகினால் போதும்.

மைதானம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வாய்க்கால் கரையில் கம்பிக்குக் கீழே நின்று ராடை ஓங்குவது உயிரோடு விளையாடுவது. இடி இடித்தால் ராடைக் கீழே போட்டுவிட்டு நகருங்கள்.

கடலுக்குப் போய் வந்ததும் ரீலை வாளித் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் விடுவேன். நாலே மாதத்தில் கரகரவென்று சத்தம். ஏன்? – தூத்துக்குடி

ஊறவைத்ததால்தான். முக்கினால் உப்பு கலந்த தண்ணீர் இடுக்கு வழியாக உள்ளே போய், கிரீஸோடு சேர்ந்து அங்கேயே தங்கிவிடும். பைப்பை அழுத்திப் பீய்ச்சி அடித்தாலும் இதேதான் நடக்கும். டிராக்கை இறுக்கி மூடி, பூவாளியில் விழுவது மாதிரி மெல்லிய தண்ணீரில் ஒரு நிமிடம் கழுவுங்கள். வீட்டு போர்வெல் உப்பாக இருந்தால் ஒரு சொம்பு குடிதண்ணீர் போதும். உதறி, துடைத்து, நிழலில் காயவையுங்கள். பிறகு டிராக்கைத் தளர்த்துங்கள், மேலே சென்னை வாசகருக்குச் சொன்னதுதான்.

தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்குப்பிடித்துப் பிசினாகும். பேரிங்குக்கும் நூல் உருளைக்கும் ரீல் ஆயில் ஒரு சொட்டு, பல்சக்கரத்துக்கு கிரீஸ். ரீல் ஆயில் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கும் உருளை பேரிங்கில் மட்டும் எண்ணெயை ஊற்றாதீர்கள், வழுக்க ஆரம்பிக்கும். உங்கள் ரீலை இப்போது திறந்து பழைய கிரீஸைத் துடைத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு படியையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு திறங்கள், பிறகு திரும்பப் பூட்டும்போது திணற மாட்டீர்கள்.

பிரெய்டு முழுசும் ஸ்பூலில் மொத்தமாக வழுக்கிச் சுற்றுகிறது. – திருநெல்வேலி

அடியில் பத்து மீட்டர் தங்கூஸ் (நைலான் நூல்) சுற்றி, அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள். டிராக் பழுதென்று நினைத்து ரீலைக் கழற்ற வேண்டாம்.

நல்ல பிரெய்டு, ஆனாலும் வீசும்போதே அறுகிறது. – ஈரோடு

வளையங்களைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பீங்கான் வளையத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலே நூல் போய்விடும். கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்குள்ளும் பஞ்சைச் சுற்றித் தேயுங்கள், இழை மாட்டும் இடம்தான் குற்றவாளி. அந்த வளையத்தை மட்டும் மாற்றினால் போதும்.

குளத்தில் சிவப்புக் குஞ்சுக் கூட்டம் மேலே வருகிறது, அடியில் பெரிய விரால் நிற்கிறது. எந்த ஃப்ராக் போடலாம்? – கும்பகோணம்

எதுவும் போடாதீர்கள். அது குஞ்சுக்குக் காவல் நிற்கும் தாய் தகப்பன். பசிக்காக இல்லை, பிள்ளைகளுக்காகத்தான் லூரை அடிக்கும். அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் கொஞ்ச நேரத்தில் தின்றுவிடும். கொடுவாவிலும் இப்படி ஒன்று உண்டு. ஆணாகத் தொடங்கிப் பிறகு பெண்ணாக மாறும் மீன் அது, மிகப் பெரியது எல்லாம் முட்டையிடும் பெண். படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

இரண்டு துண்டு ராட், மூட்டு இறுகிப் பிரிய மாட்டேன் என்கிறது. – கோவை

முறுக்காதீர்கள், வளையங்களைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். ரப்பர் கையுறை போட்டு, இரண்டு பேர் எதிரெதிரே நின்று, இருவரும் மூட்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு கை வைத்து நேராக இழுங்கள். வரவில்லையென்றால் ஐந்து நிமிடம் மூட்டின்மேல் ஐஸ் வைத்துவிட்டு மறுபடி இழுங்கள். பிரிந்ததும் உள்ளே போகும் முனையில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து வையுங்கள்.